மக்கள்தொகை: சாவு குறைந்த கதை

நம்பிக்கை: இந்தியாவின் மக்கள்தொகை என்றைக்கும் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இன்றைய இந்திய எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 25 கோடியே 20 லட்சம் பேர். 1921இல் எண்ணியபோது 25 கோடியே 13 லட்சம். பத்தாண்டுகளில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் சேர்த்த பிறகும் தொகை இறங்கியிருந்தது. 1918இல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நுழைந்த விஷக்காய்ச்சல் ரயில் பாதைகளில் நாடெங்கும் ஓடியது. மழையும் பொய்த்த ஆண்டு அது. தானிய விலை எட்டாத உயரத்தில் இருந்தது. சில மாதங்களில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் மாண்டார்கள். குடும்பத்தைத் தாங்கி நின்ற இளவயதினர்தான் அதில் பெருவாரியாகப் போனார்கள்.

அதற்கு முன்பும் இது நடந்ததுதான். தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் பெயரிட்ட 1876-78 பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் 1871இல் இருந்த மக்களைவிட 1881இல் இருந்தவர்கள் குறைவு. வெயிலில் நின்று மண் வெட்டிய நிவாரணக் கூலிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அது உயிரைப் பிடித்துவைக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் வாதாடினார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சகாலக் கூலிகள் வெட்டியது. பசியில் மெலிந்த உடம்புகளைக் காலராவும் அம்மையும் வாரிக்கொண்டு போயின. அந்தப் பத்தாண்டைச் சாதாரண ஏற்ற இறக்கம் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. மழை பொய்த்தது இயற்கை. கூலியைக் குறைத்தது ஒரு மனிதர் எடுத்த முடிவு.

நம்பிக்கை: கம்மங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்ட அந்தக் காலத்து மக்கள் நூறு வயது வாழ்ந்தார்கள்.

சிலர் நெடுநாள் வாழ்ந்தார்கள், உண்மை. ஆனால் 1911-21இல் இந்தியரின் சராசரி ஆயுள் இருபது வயதை ஒட்டியே இருந்தது. சுதந்திரம் வந்தபோதுகூட அது முப்பத்திரண்டு அளவில்தான். இதைக் கேட்டு, இருபது வயதில் எல்லாரும் செத்துப்போனார்கள் என்று நினைப்பதும் அதே அளவு தவறு. பிறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. சராசரியைக் கீழே இழுத்தவை அந்தச் சாவுகள். குழந்தைப் பருவத்தைத் தாண்டிய பலர் ஐம்பது, அறுபது என வாழ்ந்தார்கள். நம் வீட்டுச் சுவரில் படமாக இருப்பவர்கள் அவர்கள். மண்ணுக்குள் போன குழந்தைகளுக்குப் படம் கிடையாது. முன்னால் பிறந்தவை தங்காமல் போன வீடுகளில், அடுத்த பிள்ளையாவது தக்க வேண்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து, குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்தார்கள். அப்படிப் பெயர் கொண்டவர் எந்த ஊரில்தான் இல்லாமல் இருந்தார்?

நம்பிக்கை: ஜனங்கள் அதிகமாகப் பெறத் தொடங்கியதால்தான் மக்கள்தொகை வெடித்தது.

1951இல் 36 கோடி, 2011இல் 121 கோடி. பெருக்கம் உண்மை, சொல்லப்படும் காரணம்தான் தவறு. ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகள் என்பது 1950களில் திடீரென்று வந்த வழக்கமில்லை. பாட்டிகளும் பூட்டிகளும் அப்படித்தான் பெற்றார்கள், பாதியைப் பறிகொடுத்தார்கள். 1953இல் தொடங்கிய மலேரியா கட்டுப்பாட்டு வேலை, தடுப்பூசி, பஞ்சம் வந்த இடத்துக்குத் தானியத்தைக் கொண்டுசேர்த்த ஏற்பாடு இவையெல்லாம் சேர்ந்து சாவைப் பின்னுக்குத் தள்ளின. 1975க்குப் பிறகு பெரியம்மை இந்தியாவில் இல்லை. பிறந்தவை பிழைத்தன, தொகை ஏறியது. இதை ஒரு பேரழிவின் பெயரால் அழைப்பது எனக்கு உறுத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுக்காத தாய்மார் பெருகிய காலம் அது.

நம்பிக்கை: கட்டாயப்படுத்தினால் ஒழிய பிறப்பு குறையாது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. பல இடங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். ஆனாலும் 1971-81 பத்தாண்டின் வளர்ச்சி வேகம் அதற்கு முந்தைய பத்தாண்டைப் போலவே 24 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றது. சீனாவிலும் ஒரு குழந்தைக் கட்டுப்பாடு நாடெங்கும் வருவதற்கு முன்பே, 1970இல் பெண்ணுக்கு ஆறு குழந்தைகளை நெருங்கியிருந்த பிறப்பு விகிதம் மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், திருமண வயது கூடியது, கிராமச் சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக வந்தார். பெற்ற பிள்ளை தங்கும் என்ற தைரியம் வந்த பிறகு, இரண்டு போதும் என்று தாய்மாரே முடிவெடுத்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண் சராசரியாகப் பெறுவது 1.8 குழந்தைகள். பீகாரில் 3.0.

நம்பிக்கை: உலக மக்கள்தொகை முன்னைவிட வேகமாகப் பெருகுகிறது.

வேகம் உச்சத்தைத் தொட்டது 1960களில், ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல். இப்போது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. இந்தியாவில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 2.0 ஆக இறங்கிய பிறகும் நாட்டின் தொகை கூடுவதற்குக் காரணம், முன்பே பிறந்துவிட்ட கோடிக்கணக்கான இளையவர்கள் இன்னும் பிள்ளை பெறும் வயதில் இருப்பதுதான். 2060களின் தொடக்கத்தில் சுமார் 170 கோடியைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கும் என்பது ஐ.நா. 2024இல் வெளியிட்ட கணிப்பு.