ஒரே கார்... ஊருக்கொரு பேர்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



கார் டிசைன் என்றதும் நம் கண்முன் வருவது புதுசா, பளபளன்னு ஒரு வண்டி. ஆனால் உலகத்தில் நடக்கும் டிசைன் வேலையில் பெரும்பகுதி, இருக்கிற வண்டியை இன்னொரு நாட்டுக்கு ஏற்றபடி மாற்றுவதுதான். அதற்கு நல்ல உதாரணம், நமக்கெல்லாம் தெரிந்த ஸ்விஃப்ட்.

பிறந்த கதை

1981-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஜப்பானின் சுசுகி கம்பெனியில் பங்கு வாங்கியது. சின்ன கார் செய்யும் கை சுசுகிக்கு இருந்தது. விற்க உலகம் முழுக்கக் கடை ஜெனரல் மோட்டார்ஸுக்கு இருந்தது. 1983-ல் ஜப்பானில் ‘கல்டஸ்’ என்ற பெயரில் கார் வந்தது. எடை 700 கிலோவுக்கும் குறைவு.

அப்புறம் பாருங்கள் வேடிக்கையை! அமெரிக்காவில் அதே கார் ‘ஷெவர்லே ஸ்பிரின்ட்’, கனடாவில் ‘பான்டியாக் ஃபயர்ஃபிளை’, ஆஸ்திரேலியாவில் ‘ஹோல்டன் பரினா’. ஐரோப்பாவில் ‘சுசுகி ஸ்விஃப்ட்’.

ஒரு சின்ன கணக்கு

இதன் 3 சிலிண்டர் என்ஜினில் போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 77 மி.மீ. நம்ம சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்குச் சுமார் 331 சி.சி.; மூன்றுக்கு 993 சி.சி. இதே அளவில் நாலாவது சிலிண்டரைச் சேர்த்தால் 1324 சி.சி. 1984-ல் வந்த 1.3 லிட்டர் என்ஜின் இதுதான்! போரும் ஸ்ட்ரோக்கும் மாறாததால் ஒரே வகைக் கருவிகளை வைத்து இரண்டு என்ஜின் செய்ய முடியும். அடக்கவிலை இறங்குவது இந்த மாதிரி இடத்தில்தான்.

எங்க அப்பா கொத்தனார். ஒரே பிளானில் நாலு மனையில் வீடு கட்டுவார். வீட்டுக்காரர் கேட்கிறபடி வாசலை, ஜன்னலை மாத்துவார். அஸ்திவாரக் கணக்கை மட்டும் மாத்த மாட்டார். “மாத்தக்கூடாதது எதுன்னு முதல்ல தெரியணும்டா” என்பார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கின் தத்துவம் அதுதானே!

நாட்டுக்கு நாடு தேவை

அமெரிக்கா: 1989 மாடலிலிருந்து இது ‘ஜியோ மெட்ரோ’. அதில் எக்ஸ்.எஃப்.ஐ. என்ற வகைக்கு, 1990-ல் அரசு கொடுத்த மைலேஜ் நகரத்தில் காலனுக்கு 53 மைல், நெடுஞ்சாலையில் 58 மைல். நம்ம கணக்கில் லிட்டருக்குச் சுமார் 22.5, 24.7 கிலோமீட்டர். அத்தனை இருந்தும் பெட்ரோல் மலிவாக இருந்த 90-களில் ஜனங்கள் பெரிய வண்டிப் பக்கம் போனார்கள். 2001-ல் மெட்ரோ நின்றது. 2008-ல் பெட்ரோல் விலை எகிறியதும் பழைய மெட்ரோவைத் தேடித்தேடி வாங்கினார்கள்!

ஹங்கேரி: சோஷலிச ஆட்சிக் காலத்தில் அந்த நாடு இகாரஸ் பஸ்ஸுக்குப் பேர்போனது, கார் வெளியிலிருந்துதான் வரும். 1992-ல் எஸ்டெர்கோம் நகரில் ஸ்விஃப்ட் உற்பத்தி தொடங்கியது. ஐரோப்பிய உதிரிபாகங்களைக் கூட்டக் கூட்ட, அது ஐரோப்பியத் தயாரிப்பு என்ற தகுதியோடு பக்கத்து நாடுகளுக்குப் போனது. ‘நம்ம கார்’ என்றே அங்கே விளம்பரம் செய்தார்கள்.

இந்தியா: நமக்கு இந்தக் கார் முதலில் டிக்கி வைத்த செடானாக வந்தது. 1990-ல் மாருதி 1000; என்ஜின் 970 சி.சி. இழுவை போதவில்லை என்று குறை சொன்னார்கள். 1994-ல் 1.3 லிட்டர் என்ஜினோடு ‘எஸ்டீம்’ ஆனது. 2007 வரை ஓடியது.

சட்டம் வரைந்த டிக்கி

2004-ல் சுசுகி எல்லா நாட்டுக்கும் பொதுவாகப் புது ஸ்விஃப்ட் செய்தது. ஜப்பான், ஹங்கேரி, இந்தியா, சீனா என்று உற்பத்தி நடந்தது. நமக்கு 2005-ல் வந்தது.

அடுத்த ஆண்டே நம் பட்ஜெட்டில் ஒரு விதி. நீளம் 4000 மி.மீ.க்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள் இருந்தால் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம். விளைவு என்ன? 2010-ல் ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின் போய் 1197 சி.சி. வந்தது. ஸ்விஃப்டுக்கு டிக்கி வைத்த டிசையர் 2008-ல் 4160 மி.மீ. நீளம்; 2012-ல் 3995 மி.மீ. குறைந்தது 165 மி.மீ., அதுவும் பெரும்பாலும் டிக்கியில். ஸ்கேல் பிடித்து அந்த டிக்கியை வரைந்தது டிசைனர் மட்டுமா? வரிச் சட்டமும்தான்!

நமக்கு என்ன?

“டிப்ளமா படிச்சவன் வரைஞ்சதைப் பார்த்துச் செய்யறவன்தானே” என்று சிலர் சொல்வதுண்டு. நண்பர்களே, டிராயிங் ஷீட்டின் மூலையில் ‘ரிவிஷன்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பரீட்சையில் நாம் காலியாகவே விட்டுவிடுகிறோம். இந்தக் காரின் கதை முழுக்க அந்தக் கட்டத்துக்குள் நடந்ததுதான். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, மாற்றினால் எந்த ஜிக், எந்த டை கெடும் என்பது மெஷின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். பட்டறையில் ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால், “இந்த அளவு ஏன் இப்படி?” என்று கேட்டுப் பழகுவோம். கேட்கத் தெரிந்தவனிடம்தான் நாளைக்கு அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.