மறுக்குமுன் கேட்டல்

வவுனியா சிறுகுளங்கள் மலிந்த நாடு. காலபோகம் தொடங்குமுன், ஒரு குளத்தின்கீழ் வயலுடையோர் ஒருங்குகூடி, விதைக்கும் நாளும் துருசு திறக்கும் நாளும் வேலியடைக்கும் நாளும் வரையறுத்தல் வழக்கமாம். அக்கூட்டத்தும் பிணக்கு நிகழும். வாய்க்காலின் தலைப்பில் வயலுடையான் முன்னர் விதைக்க விரும்புவான். கடையில் வயலுடையான் தனக்கு நீர் எட்டாமையைக் கூறி முறையிடுவான். இருவர் கூற்றினும் உண்மை உண்டு. மழை பொய்த்த காலத்தில், குளத்தை அடுத்த வயற்பகுதியை மாத்திரம் விதைத்து, அதனைக் கடைவயலுடையார்க்கும் பங்கிட்டுக் கொடுத்தல் வறண்ட வலயத்துக் குளத்தூர்களிலே தொன்றுதொட்டு வரும் முறை. கடைவயலுடையான் குறையை மற்றையோர் செவிசாய்த்துக் கேட்டாலன்றி இம்முறை நடவாது.

கேட்டல் என்பது தோற்றலன்று, ஒப்புக்கொள்ளுதலுமன்று. 13 ஆம் நூற்றாண்டில் விளங்கிய அருணந்தி சிவாசாரியார், சிவஞானசித்தியார் பரபக்கத்திலே 14 மதங்களை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு மதத்தினர் கொள்கையையும் முதற்கண் எடுத்துரைத்து, அதன்பின்னரே மறுத்தார். மறுப்பிலே தளர்ச்சி சிறிதுமில்லை. ஆயினும் பிறர் கூற்றை எடுத்துரையாது மறுத்தாரல்லர். இந்நெறியை நூலிலே படிக்கும் நாம் இல்லத்தினும் ஆசிரியர் கூட்டத்தினும் மறந்துவிடுகின்றோம். நேரசூசி பற்றி ஒருவர் வாய்திறந்தவுடனே, அவர் கருத்தை விடுத்து அவர் குணத்தைப் பேசத் தொடங்குகின்றோம்.

பள்ளிக்கூடத்திலே இதனைப் பயிற்றும் முறை வருமாறு. இரு மாணாக்கர் இருக்கையிடம் பற்றிப் பிணங்கி வந்தால், "யார் தொடங்கியது?" என்று முதலில் வினவற்க. ஒருவனைச் சொல்லச் செய்க. அவன் சொல்லியதை மற்றவன் தன் வாயாற் கூறுக. "ஆம், அதுவே நான் சொன்னது" என்று முன்னவன் உடன்பட்ட பின்னரே மற்றவன் தன் வழக்கைச் சொல்லுக. அதனை முன்னவன் அவ்வாறே திருப்பிக் கூறுக. பின்பு, இருவரும் ஒப்பும் செய்தி யாது, ஒவ்வாதது யாது எனப் பிரித்து, ஒவ்வாததை மாத்திரம் ஆராய்க. பெரும்பாலும் அது சிறிதாயிருக்கும்.

ஒன்று கருத்தில் வைத்தல் வேண்டும். வலியவன் எளியவனை அடித்தானாயின், அதனைக் கருத்துவேற்றுமையென்று கொண்டு இருவரையும் ஒப்ப நிறுத்துதல் நீதியன்று. எளியவனைக் காத்தலே முதற்கடன்.

1988 ஆம் ஆண்டின் சட்டத்தால் இந்நாட்டில் அமைந்த மத்தியஸ்த சபைகளும் தாமே தீர்ப்பு விதிப்பனவல்ல. இருதிறத்தாரையும் உடன்பாட்டிற்குக் கொணர முயல்வன. ஆயின், சபைவரை செல்லுமுன் தீரத்தக்க பிணக்குகள் பல. இன்று வகுப்பிலே பிறன் சொல்லைத் திருப்பிச் சொல்லக் கற்ற சிறுவன், நாளை குளக்கட்டிலே அயலவனோடு பேச அறிவான். ஆசிரியர்காள், அவ்வழக்கத்தை முதலில் நம்மிடத்தே தொடங்குவோமாக.