மூர்க்க நாயனாரும் இக்காலத்துக் கேட்போரும்

வானகரத்துக்கு அணித்தாகிய திருவேற்காட்டிற் றோன்றிய மூர்க்க நாயனார் சரிதத்தைப் பிரசங்கிக்குங்கால், சூதாடினார் நாயனாராதல் யாங்ஙனமென இக்காலத்தார் வினவுகின்றனர். வினா தக்கதே. அதற்கஞ்சிச் சூதினை மறைத்துப் பேசுவாரை யாம் உடன்படோம். சேக்கிழார் பெருமான் சூதினையும், மறுத்தாரைச் சுரிகையாற் குத்தியதனையும் மறைத்திலர். வென்ற பொருளைத் தாந் தீண்டாது அடியார்க்கு அமுதாக்குவித்துக் கடைப்பந்தியில் உண்டமையும் உடனுரைத்தார்.

சுந்தரர் தொகையிற் பெயரளவே உளது; நம்பியாண்டார் நம்பி வகுத்தார்; இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்துச் சேக்கிழார் விரித்தார். அவர் பிறந்த குன்றத்தூரும் வேற்காட்டுக்குத் தொலைவன்று. ஊர்வழக்கு அவர் செவிப்பட்டிருத்தல் கூடும். இவ்வடைவினைக் கேட்போர்க்கு முதற்கண் விளக்குக. பின்னர், நாயனாராக்கியது சூதன்று, மாகேசுர பூசையில் வைத்த உறைப்பே என்றல் எளிதிற் செல்லும். குத்துண்டார் பொருட்டு வினவுவார்க்கோ இவ்விடை போதாது. அவரோடு பின்னும் ஆராய்தல் வேண்டும்.