காதிஸிய்யா யுத்தகளம் எங்கே?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் கிலாபத் காலத்தில் நடந்த காதிஸிய்யா யுத்தத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற படை, யானைகளுடன் வந்த ருஸ்தமின் பாரஸீகப் பெரும்படையை அங்கே முறியடித்தது. ஆனால் அந்தக் களம் இன்றைய இராக்கில் எந்த இடம் என்று கேட்டால், நெடுங்காலமாகத் திட்டமான விடை கிடையாது. அண்மையில் கிடைத்திருக்கும் விடையையும், அது கிடைத்த விதத்தையும் நாம் சற்று ஆராய்வோம்.

முதலில், வருஷத்திலேயே சரித்திர ஆசிரியர்கள் ஒன்றுபடவில்லை. ஸைப் இப்னு உமர் ஹிஜ்ரி 14 என்கிறார். இப்னு இஸ்ஹாக் 15 என்கிறார். வாகிதி 16 என்கிறார். இமாம் தபரி இவற்றை அறிவித்தவர் பெயருடன் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறார். பெயரிலும் குழப்பம் உண்டு. ஸாமர்ரா அருகே டைகிரிஸ் நதிக்கரையில் வேறொரு காதிஸிய்யா இருக்கிறது. திவானிய்யா நகரைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்துக்கும் பிற்காலத்தில் இப்பெயரையே சூட்டினார்கள். போர் நடந்தது இவ்விரண்டிலும் அன்று. கூபாவுக்குத் தெற்கே, பாலைவனத்தின் ஓரத்தில்.

கூபாவிலிருந்து எவ்வளவு தூரம்? வழிகளைப் பற்றி எழுதிய பழைய நூலாசிரியர்கள் 15 மைல் என்கிறார்கள். 1229இல் காலமான யாகூத் தம் ஊரகராதியில் 15 பர்ஸக் என்கிறார். ஒரு பர்ஸக் என்பது மூன்று மைல். அரபு மைல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஆகவே ஒருவர் கணக்குப்படி களம் 30 கிலோமீட்டர் தொலைவில். மற்றவர் கணக்குப்படி 90 கிலோமீட்டர் தொலைவில்! காதிஸிய்யாவுக்கும் அடுத்த தங்குமிடமான உதைபுக்கும் இடையில் 6 மைல் என்பது வழிநூல். யாகூத் 4 மைல் என்கிறார்.

இதில் யாரை நம்புவது? வழிநூல்களின் பக்கமே நம் மனம் சாய்கிறது. கூபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹஜ் யாத்திரிகர்களும் ஒட்டகக் காரவான்களும் ஆண்டுதோறும் நடந்த பாதை அது. போர்வீரர் தொகையைக் கூட்டிச் சொன்னால் கேட்பவருக்கு நஷ்டமில்லை. கிணற்றின் தூரத்தைத் தவறாகச் சொன்னால் பிரயாணியின் உயிருக்கே ஆபத்து. அதோடு, அவ்விரு ஊர்களுக்கும் இடையே பேரீச்ச மரங்கள் நிற்க, இருபுறமும் சுவர் ஓடியது என்னும் குறிப்பும் அந்நூல் மரபில் உண்டு. அதைத்தான் பின்னர் கவனிக்கப்போகிறோம்.

போர்க்களத்தின் அமைப்பையோ தபரியின் நூலில்தான் காண்கிறோம். இடத்தை நேரில் பார்ப்பதுபோல் வருணித்து எழுதும்படி கலீபா கேட்க, ஸஅத் (ரலி) அவர்கள் அனுப்பிய மறுமொழி அதில் இருக்கிறது. ஒரு பக்கம் அகழி, மறுபக்கம் அதீக் என்னும் நீரோட்டம், நடுவே காதிஸிய்யா; ஒருபுறம் ஹீராவை நோக்கிப் பசுமையான நீர்ப்பரப்பு, மறுபுறம் சதுப்பு நிலம். பாரஸீகர் இரவோடிரவாக மண்ணும் நாணலும் கொட்டி அதீக்கை அடைத்துக் கடந்தனர் என்றும் வருகிறது. இவற்றை அறிவிப்பவர் ஸைப். ஹதீஸ் கலை வல்லுநர்கள் இவரைப் பலவீனமானவர் என்று ஒதுக்கியது அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயினும் அவர் கூபாவாசி. தம் ஊருக்குப் பக்கத்து வாய்க்காலையும் அகழியையும் பற்றிக் கூறுவதை, வீரர் தொகையைப் பற்றிக் கூறுவதோடு ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது.

இனிப் புதிய ஆதாரத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் இராக்கின் காதிஸிய்யா பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்து, 2024 நவம்பரில் ‘ஆன்டிக்விட்டி’ என்னும் சஞ்சிகையில் வெளியிட்டனர். அவர்கள் யுத்தகளத்தைத் தேடிப் புறப்பட்டவர்களல்லர். ஹாரூன் ரஷீதின் மனைவியார் ஸுபைதாவின் பெயரால் வழங்கும் அதே ஹஜ் பாதைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர்கள். 1970களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து, பிற்காலத்தில் வெளிவிடப்பட்ட படங்களை அதற்காகப் பார்வையிட்டனர். கூபாவுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இரட்டைச் சுவர் ஒன்று தென்பட்டது. நீளம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஒரு முனையில் பாலை விளிம்பில் ஒரு காவற்கோட்டை. மறுமுனையில் வயல்வெளி ஓரத்தில் பெரிய குடியிருப்பு. நேரில் சென்று பார்த்தபோது ஆழமான அகழியும், கோட்டைகளும், பழைய நதியின் தடமும் இருந்தன.

15 மைல் சரியாயிற்று, பர்ஸக் சரியாகவில்லை. உதைபின் தூரத்தில் 6 மைலுக்குச் சுவர் சற்றுக் குறைகிறது. யாகூத்தின் நான்குக்கு மிஞ்சுகிறது. ஸைப் சொன்ன அகழியும் நீரோட்டமும் உண்மையாயின. அதனால் அவர் கூறிய மற்ற எல்லாமே ருஜுவாகிவிட்டதென்று யாரும் அவசரப்பட வேண்டாம். வருஷத்தைப் பற்றிய பேதம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சுவரின் பெரும்பகுதி, அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட பின் விவசாயம் பரவியதால் அழிந்துபோயிற்று. இன்று அங்கே செல்பவர் வயல்களுக்கு நடுவே அதன் மிச்சத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.