ஃபிட்னஸ் பேண்டும் கலோரிக் கணக்கும்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை

• 1 கிராம் நீரின் வெப்பநிலையை 1° செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் 1 கலோரி. பிஸ்கட் பாக்கெட்டிலும் ஸ்மார்ட் வாட்ச்சிலும் 'கலோரி' என்று போட்டிருப்பது கிலோ கலோரி. 1 கிலோ கலோரி = 4.184 கிலோ ஜூல். அலகை மாற்றிக் கொடுத்து ஏமாற்றும் வினாக்கள் இங்கிருந்துதான் வரும்.

• 1 கிராமுக்கு: மாவுச்சத்து 4, புரதம் 4, கொழுப்பு 9 கிலோ கலோரி. இவ்வெண்களோடு இணைத்துப் பேசப்படும் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர்.

• ஒரு நாளின் ஆற்றல் செலவில் சுமார் 60 முதல் 70 சதவீதம், சும்மா படுத்திருந்தாலும் உடல் செலவழிப்பது (அடிப்படை வளர்சிதை மாற்றம்). உணவைச் செரிக்க ஏறத்தாழ 10 சதவீதம். மிச்சம்தான் நடை, ஓட்டம், வேலை எல்லாம்.

பேண்ட் எப்படி வேலை செய்கிறது?

• உள்ளே முக்கியமான உணரிகள் இரண்டு. முடுக்கமானி மூன்று அச்சுகளில் கையின் அசைவைப் பதிவு செய்யும். அடிப்பக்கத்துப் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளி பாய்ச்சும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சுவதால், திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித்துடிப்பு கணக்கிடப்படும். இம்முறையின் பெயர் ஃபோட்டோபிளெதிஸ்மோகிராபி.

• கலோரிக்கென்று தனி உணரி எதுவும் கிடையாது. மிக முக்கியமான குறிப்பு இதுவே. நாம் கொடுத்த வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றோடு துடிப்பையும் அசைவையும் சேர்த்து ஒரு சூத்திரம் போடும் மதிப்பீடுதான் திரையில் வரும் எண்.

• அடிப்படைச் செலவுக்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் மிஃப்லின்–செயின்ட் ஜியோர் (1990): 10 × எடை (கிலோ) + 6.25 × உயரம் (செ.மீ.) − 5 × வயது, ஆண்களுக்கு இதனுடன் 5 கூட்டவும், பெண்களுக்கு 161 கழிக்கவும். 70 கிலோ, 170 செ.மீ., 30 வயது ஆணுக்கு 1617.5 கிலோ கலோரி. ஒரே வயது, எடை, உயரம் உள்ள இருவருக்குத் தசை அளவு வேறாக இருந்தாலும் சூத்திரம் ஒரே விடையைத்தான் தரும்.

• நம்பகமான அளவீடு இரண்டு. ஒன்று, முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பது. 1 லிட்டர் ஆக்சிஜன் ஏறத்தாழ 5 கிலோ கலோரிக்குச் சமம். மற்றொன்று, டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18ம் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, பின்னர் சிறுநீர் போன்றவற்றைச் சோதிப்பது.

ஆய்வுகள்

• ஸ்டான்ஃபோர்டு, 2017: 60 பேர், 7 கருவிகள் (ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2 உட்பட). நாடித்துடிப்பில் 6 கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மிக மோசமானது 93 சதவீதம். 27 சதவீதப் பிசகு என்றால், 300 என்று காட்ட வேண்டிய இடத்தில் 381ம் வரலாம், 219ம் வரலாம். அந்தக் கருவிகள் இன்று பழையவை. சதவீதங்களை இப்போதைய மாடல்கள் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது.

• பிட்ஸ்பர்க், 2016: 18 முதல் 35 வயது வரையுள்ள 471 பேர், 24 மாதங்கள். மேற்கையில் கருவி அணிந்த குழு சராசரியாக 3.5 கிலோ குறைந்தது. அணியாத குழு 5.9 கிலோ. 'கருவி அணிந்தால் எடை கூடும்' என்ற விடையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். இரு குழுவும் இளைத்தன. அணிந்தவர்கள் குறைவாக இளைத்தார்கள், அவ்வளவே.

பிழை எங்கே நுழைகிறது?

• பட்டை தளர்வாக இருப்பது. எடையைப் புதுப்பிக்காமல் விடுவது. பளு தூக்குவது (கை அசைவு கொஞ்சம், உழைப்பு அதிகம்). சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடப்பது (உடல் நகர்கிறது, மணிக்கட்டு நகர்வதில்லை). பதற்றத்தாலும் வெயிலாலும் துடிப்பு ஏறினால், உழைக்காமலே கலோரி கூடியதாகத் தெரியலாம்.

• மொத்தச் செலவு, கூடுதல் செலவு: இதைக் கவனிப்பவர் குறைவு. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 210 கிலோ கலோரி செலவாகும். அதே நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே சுமார் 60 போயிருக்கும். நடையால் கிடைத்தது 150தான். நடைக்குப் பின் இரண்டு வடை சாப்பிட்டால் அதுவும் பெரும்பாலும் தீர்ந்தது.

துணைக் குறிப்புகள்

• 10,000 அடி இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற அடிமானியின் பெயரிலிருந்து பரவியது.

• உட்கார்ந்தே வேலை செய்வோரின் அன்றாடத் தேவை (தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2020): ஆண் (65 கிலோ) 2110, பெண் (55 கிலோ) 1660 கிலோ கலோரி. இந்நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருந்தாலும், 1918ல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது நம் குன்னூரில். இடம் மாறியது 1958ல்.

மாதிரி வினா

கூற்று: பேண்ட் '300 கலோரி எரிந்தது' என்று காட்டினால், உணவில் 300 கலோரி கூடுதலாகச் சேர்த்தாலும் எடைக் குறைப்பு பாதிக்கப்படாது.
காரணம்: பேண்ட் காட்டும் கலோரி நேரடி அளவீடன்று, மதிப்பீடு.
விடை: கூற்று தவறு, காரணம் சரி.