வயரா, பின்னா, போனா? கடைக்குப் போகும் முன் சோதிப்போம்



குழுக் கணக்கு, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, கடன் தவணை கட்டிய ரசீது என எல்லாமே இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. போனில் சார்ஜ் ஏறவில்லை என்றால் ஊக்குநருக்குக் கை ஒடிந்த மாதிரி. உடனே என்ன செய்கிறோம்? "பின் போச்சு" என்று நாமே முடிவு கட்டி, கடையில் கொடுத்து, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பல நேரம் கெட்டுப்போனது போன் இல்லை, வயர்தான். எது கெட்டது என்று நாமே கண்டுபிடிக்க இந்த மாதம் படிப்போம்.

முதலில், கம்பெனிகள் இந்தப் பின்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு இயந்திரம் வயரின் முனையைச் செருகும், உருவும், மறுபடி செருகும். மணிக்கு 500 தடவை போல விடாமல் நடக்கும். முடிந்தபின் மின்சாரம் முன்போலத் தடையில்லாமல் போகிறதா, பிடி தளர்ந்துவிட்டதா என்று அளப்பார்கள். 2007-ல் வந்த மைக்ரோ பின்னும் (ஒரு பக்கம் மட்டும் செருகும் சின்னப் பின்), 2014-ல் வந்த டைப் சி பின்னும் (எந்தப் பக்கம் செருகினாலும் போகும்) 10,000 தடவை தாங்க வேண்டும் என்பது விதி. டைப் சி முனையை உருவ, புதிதில் சுமார் 800 கிராம் முதல் 2 கிலோ எடை இழுக்கிற அளவு பலம் வேண்டும். 10,000 தடவைக்குப் பிறகும் அது 600 கிராமுக்குக் கீழே போகக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் இரண்டு தடவை செருகினால் 10,000 தடவைக்குப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும்! அப்புறம் ஏன் நம்ம வீட்டு வயர் மூன்று மாதத்தில் போகிறது?

இயந்திரம் நேராகச் செருகி நேராக உருவுகிறது. தூசி கிடையாது. நாமோ வயரைப் பிடித்து இழுக்கிறோம், சார்ஜ் ஏறும்போதே பேசுகிறோம், போனை ஜன்னலில் தொங்க விடுகிறோம். அதனால் பின் தேயும் முன்பே, பின்னுக்கும் வயருக்கும் நடுவில் இருக்கிற கழுத்து ஒடிகிறது. உள்ளே முடி மாதிரி செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். மிச்சம் இருக்கிற கம்பி சூடாகும், சார்ஜ் மெதுவாக ஏறும். மேலே ரப்பர் நன்றாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இன்னொரு விஷயம், இது எனக்குப் பிடித்தது. மைக்ரோ, டைப் சி இரண்டிலும் தேய்கிற ஸ்பிரிங்கை வயர் முனையில் வைத்திருக்கிறார்கள், போனில் இல்லை. தேய்ந்தால் விலை குறைந்த வயர் போகட்டும், போன் பிழைக்கட்டும் என்ற யோசனை. ஆனால் அடாப்டரில் செருகும் தட்டையான பெரிய முனைக்கு விதி குறைந்தபட்சம் 1,500 தடவைதான். ஆகவே தினமும் அந்த முனையைப் பிடுங்காதீர்கள். அது அடாப்டரிலேயே இருக்கட்டும். சுவிட்சை அணைத்து, போன் பக்கம் மட்டும் உருவுங்கள்.

இப்போது நம் சோதனை. வயர், அடாப்டர், போன் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் வயரை வாங்கி உங்கள் போனில் போடுங்கள். ஏறினால் உங்கள் வயர்தான் குற்றவாளி. ஏறாவிட்டால் அடாப்டரை மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்று தெரியவே தெரியாது. சார்ஜ் ஏறும்போது வயரின் கழுத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். விட்டு விட்டு ஏறினால் அந்த வயர் முடிந்தது. ஸ்பிரிங் தேய்ந்ததா என்று பார்க்க, செருகிய முனையைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தானாக நழுவி விழுந்தால் பிடி போய்விட்டது. வேறு வயரும் அதே போனில் நழுவினால் போன் ஓட்டையைப் பார்க்க வேண்டும்.

ஓட்டையில் பெரும்பாலும் இருப்பது அழுக்கு! சேலை முந்தானையிலும் சுருக்குப் பையிலும் போனை வைப்பதால் நூல் தூசி உள்ளே போய்த் திட்டாக அமுங்கிவிடும். முனை முழுசாக இறங்காது. போனை அணைத்துவிட்டு, உலர்ந்த பல்குத்தும் மரக்குச்சியால் ஓரமாக மெல்ல எடுங்கள். ஊசி, ஊக்கு கூடவே கூடாது. டைப் சி ஓட்டை நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அது உடைந்தால் உண்மையாகவே செலவுதான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும்.

கணக்காளர்களுக்கு ஒரு வார்த்தை. சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லை என்றால், அந்த வயரில் தகவல் போகும் கம்பியே இல்லாமல் இருக்கலாம். சில மலிவு வயர்களில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

முனை கருத்திருந்தாலும், பச்சை பூத்திருந்தாலும், கை பொறுக்காத சூடு வந்தாலும் அந்த வயரை யாருக்கும் கொடுக்காதீர்கள். செம்புக்காக எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் கிடக்கிற பழைய வயர்களைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் சோதித்து, நல்லதைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.