நன்னூல் காட்டும் உடன்பயில்முறையும் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவரும்

முன்னுரை

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைபவரை முதல் தலைமுறை மாணவர் என்பர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து மதுரைக் கல்லூரிகளுக்குப் பேருந்தில் வந்து பயில்வோரிடையே இத்தகையோர் உள்ளனர். தமிழக அரசு 2010-11ஆம் கல்வியாண்டு முதல் தொழிற்கல்வி பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அளித்து வருகிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்குகின்றன. இவற்றால் பொருள்தடை குறைகிறது. கல்லூரி நடைமுறைகளை அறியாமையால் எழும் தடை எவ்வாறு நீங்கும் என்னும் வினாவுக்கு நன்னூலின் பொதுப்பாயிரம் தரும் விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வியின் நாற்கூறு

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், பாடங்கேட்டலின் வரலாறு கூறுமிடத்துக் கற்றலைக் கூறிட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கர்க்குக் கிட்டுவது காற்கூறே. உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு அமையும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறைவுறும். ஆசிரியரின் பங்கை ஓர் ஆசிரிய நூலே காற்கூறாக வரையறுப்பது கருதத்தக்கது.

எனினும் நன்னூல் எண்ணிய மாணாக்கர் வேறு. பாடஞ் சொல்லத்தக்கோராக அது சுட்டும் அறுவருள், தன் மகன், ஆசிரியரின் மகன், மன்னனின் மகன், மிகுபொருள் தருவோன் ஆகிய நால்வரும் பிறப்பாலோ செல்வத்தாலோ தகுதி பெறுவோர். முதல் தலைமுறை மாணவர் வழிபடுவோனாகவோ உரைத்ததைக் கொள்ளும் ஆற்றலுடையோனாகவோ மட்டுமே அப்பட்டியலில் இடம்பெற இயலும்.

வழக்கறிதல்

நூல்பயிலும் முறைகளுள் முதலாவதாக நன்னூல் வைப்பது வழக்கறிதல். அங்கு அது மொழிவழக்கைக் குறிக்கும். அச்சொல்லைக் கல்லூரி வழக்கிற்கும் விரித்துக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து. அகமதிப்பீடு, வருகைப்பதிவுக் குறைவு, தேர்வுக் கட்டணத்தின் இறுதிநாள், உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றைப் பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டறிவர். முதல் தலைமுறை மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. வினாதலையும் நன்னூல் கடமையாக்குகிறது. ஆயின் எதை வினவுவது என்பதே தெரியாத நிலையில், பேராசிரியரை அணுக அஞ்சும் மாணவர் மூத்த மாணவரிடம் தயக்கமின்றி வினவ இயலும்.

சட்டாம்பிள்ளை மரபு

திண்ணைப் பள்ளிகளில் இளையோர்க்குப் பாடம் சொன்ன மூத்த மாணவர் சட்டாம்பிள்ளை எனப்பட்டார். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல்வழி அம்முறை ‘மதராஸ் முறை’ எனப் பரவியது. சட்டாம்பிள்ளைக்கு அடக்கும் அதிகாரமும் இருந்தது. இன்றைய மாணவ வழிகாட்டிக்கு அது கூடாது. அதிகாரம் வந்தவிடத்து வினாதல் நின்றுவிடும்.

முடிவுரை

உடன்பயில் வழிகாட்டலை முதலாண்டு மாணவர்க்குச் செய்யும் உதவியாக மட்டும் கருதுவது நன்னூலின் காற்கூற்றை ஏற்று, அரைக்கூற்றை விடுத்தலாகும். முதலாண்டில் வழிகாட்டல் பெற்றவரே அடுத்த ஆண்டில் வழிகாட்டியாதல் வேண்டும். தேர்வு மதிப்பெண் மிக்கவரை மட்டும் தெரிந்தெடுப்பின் அவ்வாய்ப்பு முதல் தலைமுறையினர்க்கு மீண்டும் மறுக்கப்படும். தீர்க்க இயலாச் சிக்கல்களைப் பேராசிரியரிடம் சேர்ப்பிக்கும் ஏற்பாடும் உடன் தேவை. வீட்டில் எவரும் சொல்லித்தர இயலாத வழக்கை ஒருவர் மற்றொருவர்க்கு எடுத்துரைக்கும்போது இருவர் கல்வியும் நிறைவை நோக்கிச் செல்லும்.